டெசாரு அலைக்கு ஒரு போர்டு: சிங்கப்பூரிலிருந்து சர்ஃப்போர்டு வடிவமைத்துச் செய்துகொள்வது எப்படி?

சிங்கப்பூரில் அலை கிடையாது. மேற்கே சுமத்ரா, தெற்கே ரியாவ் தீவுகள், வடக்கே ஜோகூர் என்று சுற்றிலும் மறைப்பு. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கரையைத் தொடுவது பெரும்பாலும் கப்பல் போன சலசலப்புதான். ஆனாலும் நவம்பர் பிறந்துவிட்டால், வாரயிறுதியில் விடிவதற்கு முன்பே கூரையில் சர்ஃப்போர்டு என்ற அலைச்சறுக்குப் பலகை கட்டிய கார்கள் உட்லண்ட்ஸ் வழியாகவும் துவாஸ் வழியாகவும் எல்லை தாண்டுவதைப் பார்க்கலாம். ஜோகூரின் கிழக்குக் கரையில் இருக்கும் டெசாருவுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். அவர்களில் நம்மவர்களும் உண்டு.

கொஞ்சம் பழகியதும் பலருக்கும் ஓர் ஆசை வரும். கடையில் வாங்கியது போதும், நமக்கென்றே ஒன்று செய்துகொள்ளலாம் என்று தோன்றும். வடிவமைப்பாளரிடம் வருவது அப்போதுதான். நான் பார்ப்பது அந்த வேலை. வரைவது செங்காங்கில் என் வீட்டு மேசையில்; வெட்டுவது, இழைப்பது, ரெசின் பூசுவது எல்லாம் பாலியில். போர்டு செய்துகொள்ள நினைப்பவர் எந்தெந்தக் கட்டத்தைக் கடந்து வருவார், ஒவ்வொரு கட்டத்திலும் வடிவமைப்பாளரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

யார் எந்த வேலை

ஒரு கஸ்டம் போர்டில் மூன்று பேர் வேலை இருக்கிறது. போர்டின் உருவத்தை எண்களாலும் வளைகோடுகளாலும் முடிவு செய்பவர் வடிவமைப்பாளர். நுரைக்கட்டையை அந்த உருவத்துக்கு இழைப்பவர் ஷேப்பர். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி ரெசின் ஊற்றி இறுக்குபவர் கிளாஸர். சின்னப் பட்டறைகளில் முதல் இரண்டு வேலையையும் இன்றைக்கும் ஒரே ஆள்தான் செய்கிறார். சில இடங்களில் மூன்றும் ஒருவரே. கணினிக் கோப்பும் அதைப் படித்துத் தானே வெட்டும் சிஎன்சி இயந்திரமும் வந்த பிறகுதான், வரைபவர் ஓர் ஊரிலும் வெட்டுபவர் வேறோர் ஊரிலும் இருப்பது சாத்தியமானது.

வரைவது இதில் பாதி வேலைதான். மீதிப் பாதி, எதை விட்டுக்கொடுப்பது என்று ஆர்டர் கொடுப்பவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது. கையால் துழாவிப் போக எளிதாக இருக்கும் போர்டு திருப்புவதற்குக் கொஞ்சம் மந்தமாக இருக்கும். சட்டென்று திரும்புவது நேரே ஓடும்போது தள்ளாடும். எடை குறைந்ததில் குதிகால் பள்ளம் சீக்கிரம் விழும். எல்லாமே வேண்டும் என்று கேட்பவருக்கு எல்லாவற்றிலும் அரைகுறைதான் கிடைக்கும். அதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

முதல் படி: ஆளைப் பற்றிய கேள்விகள்

போர்டின் அளவைப் பற்றி நான் கடைசியில்தான் கேட்பேன். முதலில் எடை. இப்போதைய எடை, கல்யாணத்துக்கு முந்தையது அல்ல. அப்புறம் உயரம், வயது, எந்தக் காலைப் பின்னால் வைத்து நிற்கிறீர்கள், தோள்வலி முழங்கால்வலி உண்டா, வாரத்தில் நீச்சலடிக்கிறீர்களா. இப்போது வைத்திருக்கும் போர்டில் எது பிடிக்கிறது, எது படுத்துகிறது. கைப்பேசியில் எடுத்த இருபது வினாடி வீடியோ ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. எழுந்து நிற்கும்போது பின்னங்கால் எங்கே விழுகிறது, அலை உடைவதற்கு முன் எழுகிறாரா பின் எழுகிறாரா, உடம்பு எந்தக் காலில் சாய்கிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். வாயால் கேட்டால் எல்லோரும் தங்களைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

வழக்கமான பேச்சு இப்படிப் போகும்:

"அண்ணே, அஞ்சு பத்து போதும்ணே. வீடியோல எல்லாரும் அதுதான் வச்சிருக்காங்க."

"எங்கே போறீங்க தம்பி, டெசாருவா?"

"டெசாருதான். வருஷத்துல ஒருதரம் பாலி."

"டெசாருல பச்சை அலையில எழுந்து நிக்கிறீங்களா, நுரையிலயா?"

"முக்காவாசி நுரைதாண்ணே."

பச்சை அலை என்பது இன்னும் உடையாத அலை; நுரை என்பது உடைந்து வெளுத்து வருவது. அஞ்சு பத்து என்றால் 5 அடி 10 அங்குலம். அந்த நீளத்தில் வழக்கமான ஷார்ட்போர்டு 19 அங்குல அகலமும் 2⅜ அங்குலப் பருமனும் இருக்கும்; கொள்ளளவு ஏறத்தாழ 28 லிட்டர். தம்பியின் எடை 72 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நுரை அலையில் பழகிக்கொண்டிருக்கும் 72 கிலோ ஆளை 28 லிட்டர் தாங்காது. துழாவும்போதே நெஞ்சுவரை தண்ணீரில் அமுங்கும். இங்கே தலையாட்டிவிட்டு ஆர்டரை வாங்கிக்கொள்ளும் வடிவமைப்பாளரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்களோடு வாதாடுபவரைத் தேடுங்கள். இந்தத் தம்பியை வைத்தே மற்றப் படிகளையும் பார்ப்போம்.

இரண்டாம் படி: அலையைத் தெரிந்துகொள்வது

பெரும்பாலோர் ஒரே நிமிடத்தில் தாண்டிவிடும் கட்டம் இது. என்னைக் கேட்டால் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்.

டெசாருவுக்கு அலை கொண்டுவருவது வடகிழக்குப் பருவக்காற்று. நவம்பரிலிருந்து மார்ச் வரை தென்சீனக் கடல்மேல் வீசும் காற்று எழுப்பும் அலை அது. தொலைதூரப் புயலிலிருந்து வருவதல்ல. பக்கத்துக் காற்றின் பிள்ளை. அதனால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 6 முதல் 8 வினாடிதான் இருக்கும். பாலிக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வருவதோ, இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்களில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து ஒழுங்குபட்ட அலை. அதன் இடைவெளி 12 முதல் 16 வினாடி.

இந்த வினாடிக் கணக்கு ஏன் முக்கியம்? ஆழ்கடலில் அலையின் நீளம், இடைவெளியின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். 7 வினாடி அலைக்கு 76 மீட்டர்; 14 வினாடி அலைக்கு 306 மீட்டர். வேகமும் இரட்டிப்பாகிறது. உயரம் ஒன்றாகவே இருந்தாலும் 14 வினாடி அலை சுமந்துவரும் ஆற்றல், 7 வினாடி அலையைப் போல் இரண்டு மடங்கு. கரையை நெருங்கும்போது நீண்ட அலை இன்னும் உயர்ந்து எழும். வானிலைச் செயலி இரண்டு ஊருக்கும் 'ஒரு மீட்டர்' என்றே காட்டும். ஆனால் ஒன்றில் போர்டு தானாக ஓடும். இன்னொன்றில் நாம்தான் ஓட்ட வேண்டும்.

ஆக டெசாருவுக்கான போர்டில் மூன்று தேவைகள்: சீக்கிரம் அலையைப் பிடிக்க வேண்டும், பலமில்லாத அலையிலும் வேகம் விடாமல் வழுக்க வேண்டும், காற்று கிளப்பும் சிறுஅலையில் தடதடக்கக் கூடாது. பாலியின் பவளப்பாறை அலைக்கு வேறு தேவைகள்: செங்குத்தான முகத்தில் மூக்கு குத்தாமல் இறங்க வேண்டும், வேகம் கூடும்போது வால் பிடி விடாமல் நிற்க வேண்டும். முதலாவதற்குத் தட்டையும் அகலமும்; இரண்டாவதற்கு வளைவும் ஒடுக்கமும். ஒரே போர்டில் இரண்டும் ஒத்துவராது.

இங்கே என் பக்கம் சாய்ந்தே பேசுகிறேன். வருடத்துக்கு ஒரு வாரம் போகும் பாலிக்காக போர்டு செய்துகொண்டு, வாரயிறுதி தவறாமல் போகும் டெசாருவில் அதோடு மல்லுக்கட்டுவது வீண்செலவு. டெசாருவுக்குச் செய்துகொள்ளுங்கள். பாலியில் கடற்கரைக்குக் கடற்கரை வாடகைக்கு போர்டு கிடைக்கிறது. ஒரு விதிவிலக்கு: பள்ளி விடுமுறையில் பொத்துவில் போய் அறுகம் குடாவில் தங்குபவர்கள், ஊருக்குப் போகும்போதெல்லாம் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் இறங்குபவர்கள். அங்கே கரையை ஒட்டி வலப்பக்கமாக நீள ஓடும் அலைகள் உண்டு. டெசாருவுக்குச் செய்த நடுத்தர நீள போர்டு அங்கேயும் ஒத்துழைக்கும்.

மூன்றாம் படி: மூன்று அளவும் ஒரு லிட்டரும்

நீளம், அகலம், பருமன், கொள்ளளவு. ஆர்டர் படிவத்தில் இருக்கும் எண்கள் இவைதான். கொள்ளளவுக்கு ஒரு கைக்கணக்கு: போட்டியில் இறங்குபவர்கள் தம் எடையில் கிலோவுக்கு 0.35 முதல் 0.4 லிட்டர் வரை எடுப்பார்கள். வாராவாரம் போய்ப் பழகியவருக்கு 0.45 லிருந்து 0.5. இன்னும் பழகிக்கொண்டிருப்பவருக்கு அதற்கு மேல். நாற்பது வயதைத் தாண்டியிருந்தாலும், வாரம் முழுக்க அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் தம்பிக்கு நான் எழுதுவது: 6 அடி 6 அங்குல நீளம், 21 அங்குல அகலம், 2¾ அங்குலப் பருமன். அது சுமார் 40 லிட்டர் வரும், கிலோவுக்கு 0.56. அவர் கேட்டதைவிட 8 அங்குலம் நீளம். முகம் வாடும். வாடட்டும்.

ஆனால் லிட்டரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். 40 லிட்டரை நெஞ்சுக்குக் கீழே வைக்கலாம், வாலில் கொண்டுபோய்க் குவிக்கலாம், ஓரங்களில் பரப்பலாம். மூன்றும் மூன்று வேறு போர்டுகள். எண்ணைச் சொல்வது யாராலும் முடியும். அந்த நுரை எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பதற்குத்தான் வடிவமைப்பாளருக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

சிங்கப்பூருக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது: வீடு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் போர்டு எங்கே நிற்கும், மின்தூக்கியில் சாய்த்து ஏற்ற முடியுமா, காருக்கு உள்ளே போகுமா, கூரைதானா? விமானத்தில் கொண்டுபோவதானால் அந்த நிறுவனம் பைக்கு வைத்திருக்கும் நீள வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பதடி லாங்போர்டுதான் டெசாருவுக்குச் சரி என்று எனக்குத் தெரிந்தாலும், அதை ஒவ்வொரு தடவையும் பத்தாவது மாடியிலிருந்து இறக்க முடியாதவருக்கு ஏழடிக்குள் ஒன்று வரைந்து கொடுப்பதுதான் நியாயமான வடிவமைப்பு.

நான்காம் படி: வளைவுகள்

இதில் முதலாவது அவுட்லைன், மேலிருந்து பார்த்தால் தெரியும் உருவம். அகலத்தை நடுவில் மட்டும் அளந்தால் போதாது. மூக்கிலிருந்து 12 அங்குலம் தள்ளியும் வாலிலிருந்து 12 அங்குலம் தள்ளியும் அளப்பார்கள். மிக அகலமான இடம் நடுவுக்கு முன்னால் தள்ளியிருந்தால் அலை பிடிப்பது எளிது. பின்னால் தள்ளியிருந்தால் பின்னங்காலால் திருப்புவது எளிது. தம்பிக்கு அது ஓர் அங்குலம் முன்னால். வால் ஸ்குவாஷ், அதாவது ஓரம் மழுங்கிய சதுர முனை. பலமில்லாத அலையில் பின்பக்கம் அமுங்காமல் தாங்கும். ஊசிவால் பெரிய அலைக்கானது, டெசாருவில் அதற்கு வேலையில்லை.

வரைந்ததும் அவுட்லைனை முழு அளவில் காகிதத்தில் அச்சிட்டுப் பாருங்கள். சன்ஷைன் பிளாசா பக்கம் இருக்கும் அச்சுக்கடைகளில் இதைச் செய்து தருவார்கள். தரையில் விரித்து அதன்மேல் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் துழாவிப் பாருங்கள். தோள் அகலமில்லாதவருக்கு 22 அங்குலம் இடிக்கும். திரையில் பார்த்தால் அது தெரியவே தெரியாது.

அடுத்தது ராக்கர், பக்கவாட்டில் தெரியும் வளைவு. எனக்கு மிகவும் பிடித்ததும் ஆர்டர் கொடுப்பவர்கள் கேட்கவே கேட்காததும் இதுதான். போர்டைக் கவிழ்த்து, அடிப்பக்க நடுவில் ஒரு நேரான சட்டத்தை வையுங்கள். மூக்கு நுனியிலும் வால் நுனியிலும் சட்டத்துக்குக் கீழே விழும் இடைவெளிதான் ராக்கர் அளவு. வேகமான அலைக்கான ஷார்ட்போர்டில் மூக்கில் 5 அங்குலத்தை ஒட்டியும், வாலில் 2¼ அங்குலத்தை ஒட்டியும் இருக்கும். நான் தம்பிக்கு வைப்பது மூக்கில் நாலரை, வாலில் ஒன்றே முக்கால்.

நுனி அளவு மட்டும் தெரிந்தால் பாதிதான் தெரியும். அந்த நாலரை அங்குலம் எங்கிருந்து எழும்புகிறது என்பதுதான் விஷயம். நடுவிலிருந்தே மெல்ல மெல்ல எழும்பினால், துழாவும்போதெல்லாம் போர்டு தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டே போகும்; கை ஓய்ந்துவிடும். கடைசி ஓர் அடியில் மட்டும் எழும்பினால், நடுப்பகுதி தட்டையாக நின்று சீக்கிரம் வழுக்கும், மூக்கும் குத்தாது. டெசாரு மணற்கரையில் சில நாள் அலை முழுநீளத்துக்கும் ஒரே சமயத்தில் மடியும். அப்போது நேர்கீழாக இறங்க அந்தக் கடைசி ஓர் அடிதான் காப்பாற்றும். எனக்கு நாள் போவதே ராக்கர் கோட்டில் ஒரு புள்ளியை மேலே தூக்கிக் கீழே இறக்குவதில்தான். வெளியே பார்ப்பவருக்கு இரண்டு கோட்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

அடிப்பக்கம்: லேசான ஒற்றைக் குழிவு, வாலை நெருங்கும்போது ஃபின்களுக்கு (அடியில் நிற்கும் சிறு துடுப்புகள்) நடுவே இரட்டைக் குழிவாகப் பிரிந்து முடியும். ஆழம் அரைக்கால் அங்குலம், அதாவது 1/8. கூட்டினால் தூக்கல் கூடும், ஆனால் காற்றலையில் தடதடக்கும். ரெயில் என்று சொல்லும் ஓரத்தை நடுவில் மென்மையாக உருட்டிவிட்டு, வாலுக்கு முந்தைய ஓரடியில் மட்டும் அடிவிளிம்பைக் கூராக்குவேன். மென்மையான ஓரம் பிழை பொறுக்கும். கூர்விளிம்பு தண்ணீரை வெட்டி விடுவித்து வேகம் தரும்.

ஐந்தாம் படி: ஃபின்

போர்டுக்கு அடியில் ஃபின் என்ற ஒன்றே 1935 வரை கிடையாது. அதைப் பொருத்தியவர் அமெரிக்கரான டாம் பிளேக். எழுபதுகளின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியரான மார்க் ரிச்சர்ட்ஸ் இரட்டை ஃபின்னோடு இறங்கி, 1979 முதல் 1982 வரை நான்கு முறை உலகப் பட்டம் வென்றார். அதே நாட்டுக்காரரான சைமன் ஆண்டர்சனுக்கு இரட்டை ஃபின் வழுக்கிவிட்டது. உடம்பு பெரியது, பின்னங்கால் பலம் அதிகம். 1980ல் நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்து, 1981ல் பெல்ஸ் பீச் போட்டியை அதில்தான் வென்றார். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் மூன்று ஃபின் 'திரஸ்டர்' அதுதான். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. தன் உடம்புக்கு ஒத்துவராத ஒன்றைத் தானே சரிசெய்துகொண்டார் என்பது எனக்குப் பிடித்த பகுதி. நாம் செய்ய நினைப்பதும் அதைத்தானே.

தம்பிக்குத் திரஸ்டர், ஆனால் ஃபின் மாட்டும் பெட்டி ஐந்து வைத்து. இரண்டை மூடிவிட்டு மூன்றில் ஓட்டலாம். பிறகு நான்கு ஃபின்னும் மாட்டிப் பார்க்கலாம். கொஞ்சம் எடை கூடும், கொஞ்சம் காசும் கூடும். பழகும் காலத்தில் அது பரவாயில்லை. பின் ஃபின்னின் பின்விளிம்பு வாலிலிருந்து மூன்றேகால் அங்குலத்திலும், முன் ஃபின்கள் 11 அங்குலத்தை ஒட்டியும் உட்காரும். முன்னால் நகர்த்தினால் போர்டு தளர்ந்து சுழலும். பின்னால் தள்ளினால் இறுகும். எஃப்சிஎஸ், ஃபியூச்சர்ஸ் என்று பெட்டியில் இரண்டு பெரிய வகை. ஒன்றின் ஃபின் மற்றதில் மாட்டாது. கையில் ஏற்கெனவே ஃபின் இருந்தால் எந்த வகை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: நுரையும் துணியும் ரெசினும்

நுரையில் இரண்டு வகைதான் உங்கள் முன் வைக்கப்படும். பாலியூரித்தேன், பட்டறைப் பேச்சில் பியு. அதன்மேல் பாலியெஸ்டர் ரெசின். மற்றது இபிஎஸ், தெர்மோகோல் குடும்பம். அதன்மேல் எபாக்ஸி ரெசின் மட்டும்தான், ஏனென்றால் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் இபிஎஸ் கரைந்துவிடும். 2005 டிசம்பர் 5 வரை அமெரிக்காவில் பெரும்பாலான ஷேப்பர்களுக்கு நுரைக்கட்டை தந்துவந்த கிளார்க் ஃபோம் அன்று திடீரென்று கதவை அடைத்தது. அதன் பிறகுதான் பலரும் இபிஎஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

இபிஎஸ் இலேசு, மிதப்பு அதிகம், பள்ளம் விழுவது குறைவு. பியு கொஞ்சம் கனம். ஆனால் காற்றலையின் தடதடப்பை உள்வாங்கிக்கொள்ளும். அலையின் பலவீனத்தைப் பார்த்தால் இபிஎஸ், காற்றைப் பார்த்தால் பியு. வாரயிறுதியில் மத்தியானக் காற்று எழுந்த பிறகும் தண்ணீரில் நிற்பவருக்கு நான் பியு எழுதுவேன், தம்பிக்கும் அதுதான். உள்ளே விரிசல் வழியாகத் தண்ணீர் புகுந்தால் இபிஎஸ் நிறைய குடித்துவிடும், காய வைப்பது பெரும்பாடு. நம் வெயிலில் இன்னொரு ஆபத்து: பூட்டிய காருக்குள் விட்டுவிட்டால், உள்ளிருக்கும் காற்று விரிந்து மேல்தோல் நுரையைவிட்டு உப்பும். இபிஎஸ் போர்டில் காற்றுப் போக்கும் திருகு, வென்ட், இருக்கிறதா என்று கேளுங்கள். பியு போர்டையும் காரில் அவிய விடாதீர்கள்.

துணி அவுன்ஸ் கணக்கில். மேல்பக்கம் நாலு அவுன்ஸ் இரண்டு அடுக்கு, அடியில் ஓர் அடுக்கு என்பது வழக்கமான இலேசான கட்டு. வாராவாரம் கார் கூரையில் கட்டி இறக்குபவருக்கு, மேலே ஓர் அடுக்கை ஆறு அவுன்ஸாக்கச் சொல்வேன். எடை கொஞ்சம் ஏறும், ஆயுளும் ஏறும். நிறத்தில் எனக்குக் கருத்தில்லை, ஒன்றைத் தவிர: கறுப்பு வேண்டாம். வெயிலை இழுத்துக்கொள்ளும், மெழுகு உருகி ஓடும்.

ஏழாம் படி: கோப்பிலிருந்து நுரைக்கு

ஷேப்3டி, ஆக்கு ஷேப்பர் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன, போர்ட்கேட் இலவசம். வடிவமைப்பாளர் உங்களுக்கு மூன்று பார்வையிலும் படம் அனுப்ப வேண்டும்: மேலிருந்து, பக்கவாட்டில், குறுக்குவெட்டில். வெறும் நீள அகலம் எழுதிய குறுஞ்செய்தியோடு நிறுத்திக்கொள்பவரிடம் குறுக்குவெட்டைக் கேட்டு வாங்குங்கள். வேறொருவர் போர்டைக் கொண்டுவந்து 'இதே மாதிரி' என்று கேட்பதில் தப்பில்லை. அதன் அச்சு அசல் நகலையும் அவர் சின்னத்தையும் கேட்பது தப்பு.

இயந்திரம் ஒரு பக்கத்தை வெட்டி, கட்டையைத் திருப்பி மறுபக்கத்தையும் வெட்டும். வெட்டி முடித்த நுரையில் வரிவரியாகச் சிறு வரப்புகள் நிற்கும். அதைத் தேய்த்து எடுப்பதும், கட்டையின் நடுவே நீளவாக்கில் ஓடும் நடுமரப்பட்டியை உளியிழைப்பானால் சீவுவதும் ஷேப்பரின் கைவேலை. தேய்ப்பில் போகும் பருமனைக் கோப்பில் முன்கூட்டியே சேர்த்துவைப்பது வடிவமைப்பாளர் பொறுப்பு.

ஷேப்பிங் அறையை ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். தலைக்கு மேல் விளக்கு இராது. இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நீளமாகக் குழல்விளக்கு ஓடும். சுவருக்கு அடர்நிறம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால், நுரையின் மேல் அரை மில்லிமீட்டர் மேடு இருந்தாலும் நிழல் காட்டிக்கொடுக்கும். ஷேப்பர் முகக்கவசத்தோடு போர்டின் வாலருகே குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். இரண்டு ஓரத்தையும் இரண்டு உள்ளங்கைகளால் ஒரே சமயத்தில் தடவிக்கொண்டே மூக்குவரை நடப்பார். ஓரிடத்தில் கை நிற்கும். வலது ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு, மணல்வலையால் நாலு தேய்ப்பு, மறுபடி நடை. எல்லாம் முடிந்ததும் நடுமரத்தை ஒட்டி, ஃபின்னுக்கு மேலே, உங்கள் பெயரையும் அளவுகளையும் பென்சிலால் எழுதுவார். அதன்மேல்தான் துணி விழும், அழியாது.

இதைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். நுரைத்தூசியும் ரெசின் நெடியும் வீவக வீட்டுக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பது அப்புறம், உங்கள் நுரையீரலே முதலில் புகார் கொடுக்கும்.

எட்டாம் படி: கையில் வாங்கி வீடு சேர்ப்பது

ஆர்டரை ஜூலை, ஆகஸ்டில் கொடுத்துவிட்டால் நவம்பருக்குள் நிதானமாக முடியும். கைக்கு வந்ததும் அளவுநாடாவை எடுங்கள். நீளம், அகலம், பருமன், மூக்கும் வாலும் 12 அங்குலத்தில். வாலிலிருந்து நடுமரத்தோடு கண்ணை ஓட்டிப் பார்த்தால் முறுக்கு இருக்கிறதா என்று தெரியும். வெளிச்சத்தில் சாய்த்து ஊசித்துளை தேடுங்கள். ஃபின்னை மாட்டிக் கழற்றுங்கள். பாலியெஸ்டர் ரெசின் முழுதாக இறுக நாளாகும்; ஒரு வாரமாவது விட்டுவிட்டுத் தண்ணீரில் இறக்குங்கள்.

விமானத்தில் வருவதானால் ஃபின் எல்லாம் கழற்றி, மூக்கு, வால், ஓரங்களுக்குக் குழாய் உறை நுரையைப் பிளந்து மாட்டி, துண்டுகளால் சுற்றுங்கள். சாங்கியில் வரியை மறந்துவிட வேண்டாம். 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பும் சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி விலக்கு உண்டு. அதற்குக் குறைவான பயணத்துக்கு 100 வெள்ளிதான். வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்களுக்கு விலக்கே கிடையாது. மிச்ச மதிப்புக்கு 9 விழுக்காடு கட்ட வேண்டும். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களாகவே போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: ஓட்டிவிட்டுத் திரும்பச் சொல்வது

பலர் போர்டை வாங்கியதோடு காணாமல் போய்விடுவார்கள். வடிவமைப்பாளருக்கு வேண்டிய தகவலே இதற்கப்புறம்தான் வருகிறது. ஒவ்வொரு தடவை டெசாரு போய்வந்ததும் கைப்பேசியில் நாலு வரி குறித்து வையுங்கள்: இடைவெளி எத்தனை வினாடி, காற்று எந்தப் பக்கம், எந்த ஃபின், என்ன நடந்தது. 'நல்லா இருந்துச்சுண்ணே' என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது. 'பிடிக்கும்போது மூக்கு தூக்கிக்கிட்டே நிக்குது, முன்னாடி ஏறிப் படுத்தா சரியாகுது' என்றால் நுரை பின்னால் அதிகம் என்று புரியும்.

குறை தெரிந்ததும் போர்டைத் திட்டாதீர்கள். முதலில் படுக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள், அப்புறம் பின் ஃபின்னைச் சிறிதாக்குங்கள், அப்புறம் நான்கு ஃபின். ஒரு நாளில் ஒன்று மட்டும். அதற்கும் அடங்காத குறை இருந்தால், அது அடுத்த போர்டின் முதல் வரி. ஒரு சீசன் முழுக்க ஓட்டிய பிறகு தம்பி மறுபடி வந்து அஞ்சு பத்து கேட்பார். வீடியோவைப் பார்ப்பேன். பச்சை அலையில் எழுந்து, ஓரம் பிடித்து ஓடுகிறார் என்றால் நீளத்தில் மூன்று அங்குலமும் பருமனில் அரைக்கால் அங்குலமும் குறைத்து, ராக்கரைத் தொடாமல் 37 லிட்டரை ஒட்டி ஒன்று வரைவேன். அஞ்சு பத்து அதற்கும் அடுத்ததில்.